டிஸ்கில் வைத்த பொட்டு

சுற்றுகிற பொருள் எதுவானாலும் அதற்கு எண்ணெய் வேண்டும் என்பதில் சரத்குமாருக்குச் சந்தேகமே கிடையாது. கள்ளக்குறிச்சியில் ஒரு நெல் மில்லில் பதினேழு வருடமாக அவன் பார்க்கிற வேலையே அதுதான். காலையில் உள்ளே போனதும் மூக்கு நீண்ட எண்ணெய்க் கேனைக் கையில் எடுப்பான். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் உச்சிச் சக்கரம் தொடங்கி அடியில் சல்லடையை ஆட்டும் தண்டு வரைக்கும் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று காது கொடுப்பான். எங்கே வறட்சியோ அங்கே கீச்சென்று ஒரு முனகல் வரும். இரண்டு சொட்டு விடுவான். முனகல் அடங்கும். அது அடங்குகிற நேரத்தில் அவனுக்குள்ளேயும் ஏதோ ஒன்று அடங்கிக் குளிர்ந்துபோகும்.

அவித்த நெல்லின் ஆவி கூரை வரைக்கும் வெள்ளையாக நிற்கும். அதற்குள் கேனும் கையுமாக மெல்ல நடமாடுகிறவனைப் பார்த்தால் தூக்கத்தில் நடக்கிற ஆள் என்றுதான் தோன்றும். மில்லில் அவனைக் கேலி செய்வதும் அப்படித்தான். அதில் பாதி உண்மையும் இருந்தது. பெல்ட் ஓடுகிற தாளத்தில் அவன் மனசு எங்கேயாவது கழன்றுபோய்விடும். யாராவது தோளைத் தட்டினால்தான் திரும்பி வரும்.

இத்தனை சக்கரங்களோடு புழங்குகிறவனுக்கு இரண்டு சக்கர வண்டி எதுவும் ஓட்டத் தெரியாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வயதில் கரும்பு டிராக்டர் ஒன்றின் சக்கரத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் சைக்கிளோடு போய் விழுந்தவன், அதற்குப் பிறகு சைக்கிள் கைப்பிடியைத் தொட்டதில்லை. ஓட்டுகிறவள் அவன் மனைவி எழில்மதி. இ-சேவை மையத்தில் வேலை. வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மற்றவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் தட்டச்சு செய்கிறவள், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய்விடுவாள். கச்சிராயபாளையம், கோமுகி அணை, பரிகம், அதற்கப்புறம் வளைந்து வளைந்து ஏறினால் கரியாலூர். அங்கே ஒரு டீ. திரும்ப இறக்கம். இரண்டு வருடமாக இப்படித்தான். தெருவில் இதற்கு ஒரு பேச்சு இருந்தது: மாமியார் வூட்டுக்கு பஸ்ல போறவ மலைக்கு மட்டும் சைக்கிள்ல போறா. எழில்மதி காதிலும் அது விழுந்தது. மாமியார் வீட்டில் டீ சுமார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சரத்குமாருக்கு அது பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் முன்னால் அது வாய்வழியாக வெளியே வந்துவிட்டது. அன்றைக்கு மலையில் மழை. ஒரு மணிக்கு வரவேண்டியவள் நாலரை மணிக்கு வந்தாள், முழங்கை சிராய்ப்போடு. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து ஓய்ந்திருந்தவன், அவள் வண்டியை உள்ளே தள்ளும்போது சொல்லிவிட்டான்:

"ஒரு நாளைக்கு பிரேக்கு புடிக்காம போவும். அன்னிக்குத்தான் உனக்கு புத்தி வரும்."

எழில்மதி வண்டியைச் சுவரில் சாய்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. தண்ணீர் வந்ததா, கேஸ் தீர்ந்ததா, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் எப்போது லீவு என்கிற அளவில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சொல் மட்டும் கழுவாத பாத்திரம்போல வீட்டுக்குள்ளேயே கிடந்தது. எடுத்துக் கழுவ வேண்டியவன் தான்தான் என்று அவனுக்குத் தெரியும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஆயுத பூஜை அதற்கு ஒரு வழியைக் காட்டியதாக அவன் நினைத்தான்.

அந்த வழியைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஆடி மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழில்மதியின் சைக்கிளில் இருப்பது டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவில் தட்டுபோல ஒரு எஃகு வட்டு, அதுதான் டிஸ்க். லீவரை அழுத்தினால் இரண்டு பக்கத்திலிருந்தும் பேடு என்கிற சின்னக் கட்டைகள் வந்து அதைக் கவ்விக்கொள்ளும். மலை இறக்கத்தில் விடாமல் கவ்விக் கவ்வி முன்பக்க டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்துக் கொஞ்சம் கோணிவிட்டது. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் சிங் என்று உரசும். துருகம் சாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தெய்வசிகாமணி இரண்டு தடவை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, இனி மாற்றிவிடுவதுதான் சரி என்றார். அன்றைக்கு சரத்குமாரும் கூடப் போயிருந்தான்.

தெய்வசிகாமணி மூன்று டிஸ்குகளை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு நடுவில் சிவப்பும் நீலமுமாகப் பூச்சு. ஒன்று எடையே இல்லாதது, கோலம் போட்டதுபோல உடம்பெல்லாம் வெட்டு. மூன்றாவது சாதாரணம், தடித்த எஃகு, வரிசையாக வட்ட ஓட்டைகள். பழையது நூற்றறுபது மில்லிமீட்டர் விட்டம். முன்னால் நூற்றெண்பது போட்டால் பிடிப்பும் கூடும், சூடும் கம்மியாக ஏறும், கையும் வலிக்காது, அதைப் பொருத்துவதற்கான அடாப்டரும் இருக்கிறது என்றார் அவர். எழில்மதி அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் கடையின் கண்ணாடி மேஜை மேல் படுக்கவைத்து, ஓரத்தை விரலால் அழுத்தி, ஆடுகிறதா என்று பார்த்தாள். தடிமன் அளக்கும் காலிப்பரை வாங்கி நாலு இடத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று புள்ளி எட்டு. தேய்ந்து ஒன்றரைக்கு வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று டிஸ்கிலேயே பொறித்திருந்தது. அதை அவள் போனில் குறித்துக்கொண்டாள். வண்ணம் பூசியது அழகாக இருக்கிறதே என்று தெய்வசிகாமணி சொன்னதற்கு, நான் ஓட்டும்போது அதை நானா பார்க்கப் போகிறேன் என்றாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டாள்.

டிஸ்கை ஓரத்தில் பிடிக்க வேண்டும், முகத்தில் கை படக்கூடாது, விரல் பிசுக்குகூட அதற்கு ஆகாது என்று தெய்வசிகாமணி சொன்னது அப்போதுதான். அந்த நேரம் சரத்குமார் கோலம்போல வெட்டிய டிஸ்கைக் கண்ணருகே பிடித்து, அதன் ஓட்டைகள் வழியாக சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரும்பு லாரி ஒன்று துண்டு துண்டாகப் போனது. ஒரு ஓட்டையில் வானம் மட்டும் இருந்தது. இந்த ஓட்டைகள் எதற்கு என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. அவன் மனசே பதில் சொல்லிவிட்டது. மில்லில் புஷ் என்று ஒன்று உண்டு. தண்டு சுற்றுகிற இடத்தில் இருக்கும். எண்ணெய் நிற்பதற்கென்றே அதில் குழியும் வரியும் வெட்டியிருப்பார்கள். இதுவும் அதுதான்.

இனி ஆயுத பூஜைக்கு வரலாம். பகலில் மில்லில் எல்லா மெஷினுக்கும் குளியல், எண்ணெய், சந்தனம், குங்குமம், கடைசியில் பூசணிக்காய். சாயங்காலம் வீட்டில் பூஜை. பாப்பா லீவுக்குத் திருநாவலூரில் அத்தை வீட்டில் இருந்தாள். அவளுடைய புத்தகங்கள், அரிவாள்மணை, மிக்சி, எழில்மதியின் சைக்கிள் எல்லாம் கூடத்தில் வரிசையாக நின்றன. எழில்மதி அடுப்பில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். சரத்குமார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சைக்கிளைத் துடைத்தான். சாமி காரியத்துக்கு மெஷின் ஆயில் ஆகாது என்று விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டான். பஞ்சுத்திரியை அதில் நனைத்து, முன் டிஸ்கில் ஒவ்வோர் ஓட்டையாகத் தொட்டுத் தொட்டு விட்டான். ஒன்றுகூடத் தவறவில்லை. பிறகு பின் டிஸ்க். இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவி, நடுவை ஒட்டிச் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தான். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டபோது பொட்டு ஒரு சிவப்பு வளையமாக ஓடியது. சத்தமே இல்லை. வாயால் கேட்க வராத மன்னிப்பை விரலால் கேட்டுவிட்டதுபோல இருந்தது.

கற்பூரத் தட்டோடு வந்த எழில்மதி விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பொட்டைப் பார்த்தாள். எண்ணெய் அவள் கண்ணில் படவில்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாக உதட்டோரம் லேசாக அசைந்தது. இன்றைக்கு சைக்கிளுக்குக்கூட மரியாதை கிடைக்கிறது என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

விடிகாலைக் கனவில் இரண்டு நிலாக்கள் மலையிலிருந்து இறங்கி வந்தன. இரண்டிலும் வட்ட வட்டமாக ஓட்டை. பாதையில் படுத்திருந்த பனியின் மேல் அவை உருண்டன. ஓட்டைகளிலிருந்து எண்ணெய் வழிந்து, வழிந்த இடமெல்லாம் வெளிச்சமாயிற்று. ஒரு சின்ன ஓசைகூட இல்லை. அந்த ஓசையின்மையைக் கனவிலேயே ரசித்துக்கொண்டு அவன் படுத்திருந்தான். கண் விழித்தபோது மணி ஏழு. கூடத்தில் சைக்கிள் நின்ற இடத்தில் இரண்டு எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. விஜயதசமி லீவு. அவள் ஐந்தரைக்கே கிளம்பிப் போயிருந்தாள்.

எட்டு மணிக்கு டீ குடிக்கப் போனவன் தெய்வசிகாமணி கடையில் உட்கார்ந்தான். அவர் தன் கடைச் சாமான்களுக்குச் சூட்டிய பூவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேடம் மலைக்குப் போய்விட்டார்களா என்று கேட்டார். போயாச்சு என்றான். கொஞ்சம் கூச்சத்தோடு, நேற்று தானே டிஸ்குக்கு நன்றாக எண்ணெய் போட்டு அனுப்பியிருப்பதாகவும் சொன்னான்.

"எதுக்குப் போட்ட?"

"டிஸ்குக்குத்தான்ணே. ஒரு ஓட்ட வுடல."

தெய்வசிகாமணி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவன் முகத்தையே பார்த்தார். அவன் விளையாடவில்லை என்பது அவருக்கு மெல்லத்தான் புரிந்தது.

"தோசக்கல்லுல எண்ண இன்னாத்துக்குத் தடவறோம்? மாவு ஒட்டக்கூடாதுன்னு. இங்க பேடு ஒட்டணும்டா சரத்து. ஒட்டுனாத்தான் வண்டி நிக்கும். அந்த ஓட்ட சூடு போறதுக்கு, மழத்தண்ணி போறதுக்கு. எண்ணைக்கு இல்ல."

சரத்குமார் எழுந்து நின்றான். நின்றவனுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. அவள் போனை அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. தெய்வசிகாமணி கரியாலூர் டீக்கடைக்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்து அடித்துப் பார்த்தார். அதுவும் அப்படியே. இரண்டு நாளாக மலையில் மழை, டவர் படுத்துவிட்டது என்றார். மணியைப் பார்த்துக் கணக்குப் போட்டார். பத்துக்குள் கரியாலூர் ஏறிவிடும். டீ குடித்து உட்கார்ந்து எப்படியும் பதினொன்று ஆகும் இறங்க. ஒன்பது மணிக்கு கரியாலூர் வழியாகப் போகிற வெள்ளிமலை பஸ் இருக்கிறது. அவருடைய டிவிஎஸ் இரண்டு பேரை வைத்துக்கொண்டு பரிகம் மேட்டிலேயே மூச்சை விட்டுவிடும், பஸ்தான் சரி.

பேசிக்கொண்டே மஞ்சள் பையில் சாமான்களைப் போட்டார். இரண்டு ஜோடி புதுப் பேடு, திருகு கழற்ற ஆலன் சாவி, துவைத்த பழைய வேட்டித் துணி. பக்கத்து மெடிக்கலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு பாட்டில். இந்தத் தடவை சரத்குமார் வேறெங்கும் பார்க்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னான். பழைய பேடு எண்ணெய் குடித்திருக்கும், அதைக் கழற்றி எறிந்துவிடு. டிஸ்கை ஸ்பிரிட் போட்டுத் துடை. துணியில் கறை வராத வரைக்கும் துடை. ஓரத்தை மட்டும் பிடி. டிவிஎஸ்ஸில் பஸ் நிலையத்துக்குப் போகும்போது பின்னால் திரும்பிக் கடைசியாக ஒன்று சொன்னார்:

"புதுப் பேடு மாட்டுன ஒடனே நம்பிடக்கூடாது. கொஞ்சம் ஓட்டணும், புடிக்கணும். கொஞ்சம் ஓட்டணும், புடிக்கணும். முப்பது தடவ. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கச்சிராயபாளையம் தாண்டுகிற வரைக்கும் எதிரே வருகிற ஒவ்வொரு சைக்கிளும் அவளாக இருந்தது. கோமுகி அணைத் தண்ணீர் மேகத்தின் நிறத்தில் அசையாமல் கிடந்தது. பரிகம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பஸ் முனகிற்று. சரத்குமார் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஒவ்வொரு வளைவிலும் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

பக்கத்தில் மலைக்குத் திரும்பும் அம்மாள் ஒருத்தி, காலுக்கடியில் பொரிமூட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காசியம்மாள் என்று பேர் சொன்னாள். கொஞ்ச நேரம் அவன் காலைப் பார்த்துவிட்டு, "டிரைவர் இருக்காரு தம்பி. நீ இன்னாத்துக்கு மிதிக்கிற?" என்றாள்.

யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு. முழுக்கச் சொன்னான். எண்ணெயைச் சொன்னான், மூன்று வாரம் முன்னால் சொன்ன சொல்லையும் சொன்னான். சைக்கிள்காரப் பெண்ணைத் தனக்குத் தெரியும் என்றாள் காசியம்மாள். தன் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடிக்கும், சொம்பைக் கழுவித்தான் திருப்பிக் கொடுக்கும், விவரமான பெண். அவ்வளவுதான் சொன்னாள். மேற்கொண்டு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பொரிமூட்டையைக் கொஞ்சம் நகர்த்தி அவன் காலுக்கு இடம் விட்டாள்.

அப்புறம் மேகம் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மரம் இல்லை, பள்ளம் இல்லை, வெள்ளை மட்டும் இருந்தது. டிரைவர் விளக்கைப் போட்டார். உள்ளேயும் ஈரமாக நிறைந்தது. மில்லின் ஆவி கூடவே பஸ் ஏறி வந்துவிட்டதுபோல சரத்குமாருக்குத் தோன்றியது. அந்த வெண்மையில் அவன் காலையில் கண்ட நிலாக்கள் திரும்ப உருண்டு வந்தன. இப்போது அவற்றின் ஓசையின்மைதான் அவனைப் பயமுறுத்தியது. ஏதாவது கீச்சிடாதா, உரசாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். இரண்டு நிலாக்களும் அவன் விரல் வைத்த பொட்டோடு வளைவுக்கு வளைவு வேகம் பிடித்து, வழவழவென்று, நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தன.

அவள் விழுந்துவிடக் கூடாது. அதுதான் முதல். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. விழாமலே இருந்தாலும், லீவரை அழுத்தி அது பிடிக்காமல் போன அந்த நொடியில் அவளுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்? ஒரு நாளைக்கு பிரேக்கு புடிக்காம போவும். சொன்னவன் அவன். எண்ணெய் போட்டவனும் அவன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மணி என்ன, எத்தனை வளைவு ஏறினோம் என்பதெல்லாம் அவனுக்குக் கலங்கிப்போயிருந்தது. எங்கேயோ வெள்ளைக்குள்ளிருந்து கிணிங் என்று ஒரு மணிச்சத்தம் கேட்டது. சைக்கிள் மணி. பஸ் வளைவில் ஊர்ந்தது. பாறையை ஒட்டி ஓர் உருவம், பக்கத்தில் சைக்கிளின் சிவப்பு. உருவம் நடந்துகொண்டிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையால் மணியை அடித்துக்கொண்டு.

அவன் எழுந்த வேகத்தில் கண்டக்டர் கேட்காமலே விசில் அடித்தார். சரத்குமார் கதவைப் பார்த்து ஓடினான். காசியம்மாள் ஜன்னல் வழியாக மஞ்சள் பையை நீட்டினாள். "வந்த வேலைய வுட்டுட்டு எறங்கறியே" என்றாள். பஸ் போய்விட்டது. அதன் சத்தம் போன பிறகு மலையில் இலை சொட்டுகிற ஓசை மட்டும் மிஞ்சியது.

எழில்மதி அவனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"பாப்பாவுக்கு இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா."

"அப்பறம் இங்க எதுக்கு?"

"பிரேக்கு," என்றான். பையைத் தூக்கிக் காட்டினான்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. இறக்கத்தில் அல்ல, காலையிலேயே, கச்சிராயபாளையத்தில் ஒரு வேகத்தடைக்கு முன்னால். லீவர் முழுசாக வந்தும் வண்டி பாட்டுக்குப் போனது. நல்ல வேளை, சமதளம். காலை ஊன்றி நிறுத்தியிருக்கிறாள். குனிந்து பார்த்தால் பொட்டு. முகர்ந்து பார்த்தால் விளக்கு வாசனை. எல்லாவற்றையும் கடிதம் படிக்கிறவள்போல நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அங்கேயே திரும்பி வீட்டுக்கு வந்திருக்கலாமே என்று அவன் கேட்டதற்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏறறதுக்கு இன்னாத்துக்குங்க பிரேக்கு? எறங்கறதுக்குத்தான வேணும். எறங்கத்தான் ரெண்டு கால் இருக்குதே. மேல டீய குடிச்சிட்டு சீக்கிரமாவே கெளம்பி நடந்துக்கினே எறங்கி வரேன்."

அவன் சிரிக்கவில்லை. பாறையில் கையை ஊன்றிக்கொண்டான்.

"எழிலு, நான் அன்னிக்குச் சொன்னத வெச்சு நீ..."

அவள் சாலையோரம் ஒதுங்கினாள். சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு துப்பட்டாவால் முகத்து ஈரத்தைத் துடைத்தாள்.

"தோணுச்சு. பொய் சொல்லல. கோமுகி வரைக்கும் தோணிக்கினேதான் இருந்துச்சு. அணைகிட்ட எறங்கி உக்காந்து பாத்தேன். மொத்தம் எத்தன ஓட்ட இருக்குது, ஒண்ணொண்ணுலயும் திரி வெச்சு வுட்டிருக்கீங்க. பின்னாடி டிஸ்குலயும் அப்பிடியே. கெடுக்க நெனச்சவங்க இவ்ளோ பொறுமையா பண்ண மாட்டாங்க."

மேகம் அவர்களுக்கு நடுவில் புகுந்து அந்தப் பக்கம் போயிற்று. சரத்குமார் குந்தி உட்கார்ந்து பையைப் பிரித்தான். துணியில் ஸ்பிரிட்டை ஊற்றினான். சக்கரத்தைப் பிடித்தவன், பொட்டைப் பார்த்ததும் தயங்கினான். காலையிலிருந்து இத்தனை தூரம் வந்தும் அவள் ஏன் இதைத் துடைத்துவிடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவளே சொன்னாள்: நீங்கள் வைத்த குங்குமத்தை நான் எப்படி அழிப்பது, வைத்தவரே எடுங்கள். அவன் சுண்டுவிரலால் அதை வழித்துக் கைப்பிடித் தண்டின் மேல் வைத்தான். சந்தனம் கொஞ்சம் சிதைந்திருந்தாலும் குங்குமம் அங்கேயும் பொட்டாகத்தான் உட்கார்ந்தது. விரலை வேட்டித் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்கினான்.

துடைத்தான். முதல் துணி மஞ்சளாக வந்தது. அடுத்தது பழுப்பாக. ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் துணியை முறுக்கி விட்டு எடுத்தான், எண்ணெய் விட்ட அதே வரிசையில். எழில்மதி இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பேடுகளை வெளியே எடுத்தாள். எண்ணெய் குடித்துக் கறுத்து மினுங்கின. அவற்றைத் தாளில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவன் டிஸ்கின் ஓரத்தை மட்டும் பிடித்துச் சக்கரத்தை நீட்டியதை அவள் கவனித்தாள். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கவில்லை. கடைசித் துணி வெள்ளையாகவே வந்தபோது, கடையில் அந்த டிஸ்க் இருந்த நிறத்துக்கு அது திரும்பியிருந்தது. சாம்பலாக, அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லாமல்.

புதுப் பேடுகள் உட்கார்ந்தன. அவள் ஏறி உட்காரப் போனபோது அவன் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தி, தெய்வசிகாமணி சொன்னதைச் சொன்னான். கொஞ்சம் ஓட்டணும், புடிக்கணும். முப்பது தடவை. அவளுக்கு அது தெரியும். ஆடி மாதத்தில் புது டிஸ்க் போட்ட அன்றைக்கு அவள் தனியாக இதைச் செய்திருக்கிறாள். ஆனாலும் அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டாள்.

அந்த வளைவுக்குக் கீழே சாலை கொஞ்ச தூரம் ஏறக்குறைய சமமாகக் கிடந்தது. அவள் நடை வேகத்தில் பத்து அடி ஓட்டினாள். பிடித்தாள். ஒன்றும் ஆகவில்லை, காலை ஊன்றி நின்றாள். அவன் நடந்து வந்து சேர்ந்துகொண்டான். ஒன்று என்றான். திரும்பப் பத்து அடி. இரண்டு. ஏழாவது தடவை சக்கரம் தயங்கிற்று. பன்னிரண்டாவது தடவை, மேகத்துக்குள் போய் மறைந்தவளிடமிருந்து கர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. வறண்ட, சொரசொரப்பான சத்தம். மில்லாக இருந்தால் கேனோடு அதைத் தேடிக்கொண்டு ஓடியிருப்பான். அவன் நின்று அதைக் காது நிறையக் கேட்டான். இத்தனை வருடத்தில் எண்ணெய் விட வேண்டும் என்று கை துடிக்காத முதல் சத்தம் அதுதான்.

சரிவு கூடக் கூட அவள் இன்னும் அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கிட்டத்திலேயே நின்றது. அவள் வெள்ளைக்குள் கரைந்து போவாள். கர்ர் என்று கேட்கும். அவன் நடந்து போனால், சாலையோரம் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கைப்பிடியில் சிவப்புப் பொட்டோடு நின்றுகொண்டிருப்பாள். எத்தனை என்று கேட்பாள். அவன் சொல்வான். ஒரு தடவை அவன் எண்ணிக்கையை விட்டுவிட்டதாகச் சொன்னபோது, மில்லில் மூட்டையை இப்படித்தான் எண்ணுகிறீர்களா என்று கேட்டுவிட்டு மறுபடி மிதித்தாள்.

மேகத்துக்குக் கீழே வந்தபோது கோமுகி அணை ஒரு தகட்டைப்போலத் தூரத்தில் தெரிந்தது. வெயில் வந்திருந்தது. வண்டி இப்போது ஒற்றை விரலுக்கே நின்றது. முப்பது எப்போதோ முடிந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த வளைவிலும் கர்ர் என்று கேட்டது. அவன் நடையை எட்டிப்போட்டான்.